வரித் தாளில் ஐந்து பிள்ளைகள்

1

உனக்கு எதற்கு இந்த வேண்டாத விசாரணை, சரோஜா? நாத்தனாருக்குக் கடிதம் எழுதினால் முட்டிவலி குறைந்ததா, பேரனுக்குப் பல் முளைத்ததா என்று கேட்பார்கள். நீ என்னவென்றால், "அங்கே வருமான வரித் தாளை யாரிடம் கொடுத்து எழுதுகிறீர்கள் அஞ்சலை அண்ணி, நல்ல ஆள் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்" என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். துறையூரில் படித்தவர்கள் எல்லோரும் செத்தா போனார்கள்?

என் தம்பி, உன் புருஷன், நடத்துகிற மாவு மில்லுக்கு வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அவன் அதைத் தூக்கிக்கொண்டு முடிவெட்டுகிறவர் சொன்ன ஆளிடம் போகப் பார்க்கிறான் என்று நீ எழுதியதால்தான் வாயைத் திறக்கிறேன். என் வீட்டுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது அதை உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அம்மா அழுதிருப்பாள்.

நான் சொல்லச் சொல்லச் சின்னவள் குமுதா எழுதுகிறாள். தமிழ்ப் பள்ளியில் படித்தவள், அதனால் என் பேச்சையெல்லாம் இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும், இந்த ஊர்ப் பேச்சில் வாலாக ஒட்டுகிற 'லா' உட்பட, கசங்கினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

2

ரப்பர் தோட்டத்தை விட்டு ஏன் வந்தோம் என்பது உனக்குத் தெரியும். நான் அங்கே துறையூரில் பிறந்து, கடல் தாண்டி இங்கே மலாய் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள், எனக்குச் சிவப்பு அடையாள அட்டை. உன் அண்ணன், என் வீட்டுக்காரர், இங்கேயே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர், அவருக்கு நீலம். சிவப்பு என்றால் இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமகள் கிடையாது. சிவப்புக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. பால் வெட்டும் கத்தியைக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்கு வந்து, சிலிபினில் ஒரு பலகை வீட்டில் குடியேறினோம். எங்கள் தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுக் குடும்பம் அதே வரிசையில்தான். பக்கத்து வீட்டுப் பார்வதி கூட லயத்திலும் எனக்குப் பக்கத்து வீடுதான். விதி.

காலையில் தோசை, இடியாப்பம் என்று ஒரு கடை போட்டோம். லைசென்ஸ் அவர் பேரில், அடுப்பு என் பேரில். கடை நன்றாகப் போய், ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் பசியாறக் கொடுக்கும் குத்தகை கிடைத்தது. குத்தகையோடு வரித் தாளும் வந்தது. அதைப் பார்த்ததும் நாங்கள் யாரையும் தேடவில்லை. நேராகத் தங்கையா கிராணி வீட்டுக்குப் போனோம்.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸில் எழுதுகிறவர். எங்கள் தோட்டத்தில் பிறப்பு, இறப்பு, சம்பளம், அரிசி எல்லாம் அவர் பேனாவில்தான். வேலை ஓய்ந்து அவரும் சிலிபினுக்கே வந்துவிட்டார். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, ஒரு தட்டச்சு மிஷின். அந்தக் காலுறையைப் பார்த்தாலே எங்கள் ஆட்களுக்கு முதுகு வளையும். மிஷின் சத்தம் கேட்டால் தாள் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

தோட்டத்தில் நாங்கள் எப்படிக் கையெழுத்துப் போட்டோமோ அப்படியே இங்கேயும் போட்டோம். கிராணி வெறும் தாளை நீட்டுவார். பெருக்கல் குறி போட்ட இடத்தில் பேரை எழுதிவிட்டு எழுந்து வந்துவிடவேண்டும். மேலே என்ன எழுதுவார் என்று கேட்பது மரியாதை இல்லை. இரண்டு வருஷம் அவர்தான் எழுதினார். கூலி வாங்கமாட்டார், இடியாப்பம் மட்டும். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் வேலையைக் கொஞ்சம் முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். மீன் வாங்கும்போது முகர்கிறேன், இதற்கு முகரவில்லை.

3

மூன்றாம் வருஷம் கடிதம் வந்தது. மலாயில் இருந்தது. பெரியவள் மாலா மலாய்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில் அவளுக்குத் தமிழ் சாப்பாட்டுக்கு மட்டும்தான். கோபம் வந்தால் எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் மலாயில் திட்டுவாள். நானும் புரியாதது போல இருந்துகொள்வேன். பிள்ளைகள் என்ன நினைக்கின்றன என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

அவள் கடிதத்தைப் படித்துவிட்டு, "அம்மா, நமக்கு அஞ்சு பிள்ளைங்கன்னு எழுதியிருக்கு" என்றாள்.

"நல்லாப் பாரு."

"லீமா மா, லீமா. அஞ்சு. அஞ்சு பேரோட பிறப்புப் பத்திரமும் கொண்டாந்து காட்டணுமாம். அப்பா போன வருஷத் தாள்ல அஞ்சு பிள்ளைங்களுக்குக் கழிவு கேட்டிருக்காராம்."

பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று வரியில் கழித்துக் கொடுப்பார்கள், அதுதான் கழிவு. எங்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர். மாலா, சேகர், குமுதா. நான் எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான்.

அவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றார்.

"மத்த ரெண்டும் எங்க இருக்கு?" என்றேன்.

"எந்த ரெண்டு?"

"மாசம் ஒரு தடவ மாமாவப் பாக்கப் போறேன்னு தைப்பிங் போறீங்களே. அங்க எப்பவும் மழதான். நனையாம எந்த வீட்டுல ஒதுங்குறீங்க?"

"ஐயோ, என்னாலா பேசுற நீ. மாமாவுக்குக் கால் இல்ல, மருந்து வாங்கிக் குடுக்கப் போறேன்."

"மருந்துக்கு ரெண்டு பிள்ளையா?"

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதி வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது. அவர் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை சரோஜா. அந்த மனுஷனுக்கு ஒரு குடும்பத்தைச் சமாளிக்கவே தெம்பு கிடையாது. ஆனாலும் சும்மா கிடைத்த வாய்ப்பை விடுவதா?

சிரித்துக்கொண்டிருந்தவள் இரவில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். காரணம் வேறு. அதே மாதம் நான் நீல அட்டைக்கு, குடியுரிமைக்கு, மனுப் போட்டிருந்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிடப் போகிறார்கள். அந்த மனுவில் 'பிள்ளைகள்: மூன்று' என்று மாலா கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு அரசாங்க ஆபீஸில் என் வீட்டில் மூன்று பிள்ளை. இன்னொரு ஆபீஸில் ஐந்து. இரண்டு தாளும் ஒரு மேசையில் சந்தித்தால் பொய் சொன்னவள் நான்தான். நீல அட்டை போச்சு. சிவப்பு அட்டைக்காரியைக் கப்பல் ஏற்றிவிட்டால் பிள்ளைகள் இங்கே, நான் அங்கே. அப்பா காரியத்துக்கு நான் வராததற்கும் இந்தப் பயம்தான் காரணம். போய்விட்டுத் திரும்பி உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று.

4

தப்பாக எழுதின கிராணியிடமே மறுபடி கேட்க எனக்கு மனமில்லை. முதலில் போனது வரி ஆபீஸுக்கு எதிரே காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளிடம். சட்டைப் பையில் நாலு பேனா. எங்கள் கடிதத்தை முழுவதும் படிக்கக்கூட இல்லை.

"அண்ணே, ஒரு கவலையும் வேணாம். எவ்வளவு கட்டணும்னு ஆசைப்படுறீங்களோ அதச் சொல்லுங்க. அந்த மாதிரி எழுதிரலாம். மிச்சம் பண்ணிக் குடுக்குறதுல கால் பங்கு எனக்கு."

"அந்த ரெண்டு பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"பத்திரம் பண்ணிக்கலாம் அக்கா. ஆள் இருக்கு."

இல்லாத பிள்ளைக்குப் பத்திரம் பண்ணித் தருகிறவன், இருக்கிற பிள்ளையை இல்லை என்றும் எழுதுவான். காப்பிக்கு நானே காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வருகிற வழியில் காதர் பாய் சாப்பாட்டுக் கடை. எங்கள் இடியாப்பத்துக்குப் போட்டிதான், ஆனால் நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்த்து டீ கொண்டுவரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏங்க்கா, உங்க தாள எழுதுற கிராணி, கீழ அவர் பேரப் போட்டாரா?"

"அவர் பேரு எதுக்கு பாய்? எங்க தாளுதானே."

"அங்கதான் இருக்கு விசயம். என் கடை வாசல்ல என் பேரு தொங்குது. சால்னா கெட்டுப்போனா என்னையத்தான் திட்டுவாங்க. தாள எழுதுறவனும் தன் பேரக் கீழ போடணும். நாளைக்குச் சூரத் வந்தா அவன் வந்து நிக்கணும். பேரப் போடமாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க." சூரத் என்றால் கடிதம். "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். சீனர். முறையாப் படிச்சு, கவர்மெண்டு அனுமதி வாங்கினவர். அவர்கிட்ட நான் ஒரு சட்டியும் மறைக்க முடியாது, அவ்வளவு கேள்வி கேப்பார்."

கேள்வி கேட்கிற ஆளிடம் ஏன் போகவேண்டும் என்று உன் அண்ணன் முனகினார். கேட்காதவரிடம் போய்த்தான் ஐந்து பிள்ளை பெற்றோம் என்றேன்.

5

அடுத்த நாள் கடையைச் சீக்கிரமே மூடினோம். போகிற வழியில் கிராணி வீட்டில் நின்று போன வருஷத் தாளின் நகலைக் கேட்டோம். எல்லோருடைய நகலும் பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். அவர் வீட்டில் இல்லை, சிம்பாங் பூலாயில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி உறையில் போட்டுக் கொடுத்தார். பிரித்துப் பார்க்க எங்களுக்கு அந்த எழுத்தும் தெரியாது, மாலாவும் பள்ளியில் இருந்தாள். அப்படியே கொண்டுபோனோம்.

சீன மருந்துக் கடைக்கு மேல் மாடி. பாய் சொன்ன மிஸ்டர் சோங்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள்.

"உக்காருங்க அண்ணே, உக்காருங்க அக்கா" என்றார். அவர் அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த தௌக்கேயாம், சீன முதலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். "நான் சண்ட போடக் கத்துக்கிட்டதே தமிழ்லதான்."

நான் சுவரைக் காட்டினேன். "அதுல என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

அவர் சிரித்தார். "இத்தன வருசத்துல யாரும் வாசிக்கச் சொன்னதில்ல அக்கா." ஆனாலும் எழுந்து போய் வாசித்தார். இது கணக்காளர் படிப்பு முடித்ததற்கு, இது மற்றவர்களுக்காக வரி ஆபீஸில் பேச அனுமதி கொடுத்ததற்கு. கூலியையும் முதலிலேயே சொல்லிவிட்டார். எவ்வளவு மிச்சமானாலும் அதே கூலிதான், பங்கு இல்லை. பிறகு கேட்க ஆரம்பித்தார் பாரு. அரிசி வாங்கிய ரசீது எங்கே, தொழிற்சாலை கொடுத்த சீட்டு எங்கே, அடுப்பு எப்போது வாங்கினீர்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அவ்வளவு கேட்கவில்லை.

கடைசியில் உறையைப் பிரித்தார்.

"நான் ஒவ்வொண்ணா வாசிக்கிறேன். நீங்க சரி இல்லன்னா நிப்பாட்டுங்க. வாசிக்காம யாரும் எங்கிட்டக் கையெழுத்துப் போடக் கூடாது." வாசித்துக்கொண்டே வந்து பிள்ளைகளிடம் வந்தார். "மாலா, சேகர், குமுதா."

"சரி" என்றார் இவர்.

"முருகாயி. செல்லையா."

நாற்காலி கிறீச்சென்றது. இவர்தான் எழுந்து நின்றுவிட்டார்.

குமுதா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதம்மா, உனக்குத் தெரிந்ததுதானே.

முருகாயி மாலாவுக்கு முன்னால் பிறந்தவள். எட்டு மாசம் இருந்தாள். செல்லையா சேகருக்கு அடுத்தவன். நடக்க ஆரம்பித்து, வாளியைத் தட்டிவிட்டு ஓடுகிற வயதில் காய்ச்சலில் போனான். இரண்டு பேரையும் ரப்பர் மரத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில்தான் வைத்தோம். அந்தப் பேர்களை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. ஈப்போவில் ஒரு சீனர் மாடி அறையில், காற்றாடி சுற்ற, ஒருவர் சாதாரணமாக வாசித்துவிட்டார். அந்தத் தாளின்படி முருகாயிக்குப் பதினைந்து வயது. செல்லையா பள்ளிக்கூடம் போகிறான்.

சோங் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். தாளைக் கீழே வைத்தார். "தோட்டத்துலயா அக்கா?"

"ஆமா."

"எங்க கடைப் பக்கத்து லயத்துலயும் நெறைய" என்றார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நாங்கள் குடித்ததும் வேலையைப் பேசினார். "அவங்க இன்னும் குத்தம்னு சொல்லல, பத்திரம்தான் கேட்டிருக்காங்க. நாமளே முந்திக்கிட்டு, தப்பா எழுதிட்டோம், ரெண்டு வருசத்துக்கும் மிச்ச வரியக் கட்டிர்றோம்னு எழுதிக் குடுத்துரலாம். கொஞ்சம் அபராதம் வரும், தவணையில கட்டலாம். அந்தக் கடிதத்தோட நகல நீல கார்டு நேர்முகத்துக்கு எடுத்துட்டுப் போங்க. அவங்க கேக்குறதுக்கு முன்னால நீங்களே காட்டுங்க. அப்ப ரெண்டு ஆபீஸ்லயும் மூணுதான்."

சிவப்பு மை பேனாவை எடுத்து அந்த இரண்டு பேர் மேல் கோடு போடப் போனார். இவர் மேசை மேல் கையை வைத்து மறைத்தார். நாற்பத்தைந்து வயது மனுஷன், தோசைக் கரண்டியில் சுட்ட தழும்பு உள்ள கை.

"கோடு போடாதீங்க தௌக்கே. வேற தாள்ல எழுதுங்க."

சோங் பேனாவை மூடினார். புதுத் தாள் எடுத்து, மூன்று பேர் மட்டும் எழுதினார். திரும்ப முழுவதும் வாசித்தார். இவர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே சோங் தன் பேரை எழுதி, தன் அனுமதி நம்பரையும் எழுதினார். பழைய நகலை மடித்து உறையில் போட்டு எங்களிடமே கொடுத்துவிட்டார்.

6

கிராணி ஊரிலிருந்து வந்ததும் போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன்.

அவருக்கு நான் சொல்வது என்ன குற்றம் என்றே புரியவில்லை. "அஞ்சு பிள்ளை வரைக்கும் கழிக்கலாம்னு கவர்மெண்டு குடுக்குது, அஞ்சல. குடுக்குறத ஏன் விடணும்? தோட்டத்துல தலைக்கு இவ்வளவு அரிசின்னு வந்தப்ப, உங்க வீட்டுக்கெல்லாம் ஒரு தல கூட்டித்தானே எழுதுனேன். அப்ப யாரு சண்டைக்கு வந்தீங்க?"

அது உண்மை. அந்த அரிசியில்தான் மாலா வளர்ந்தாள். வரித் தாளையும் மனுஷர் அரிசித் தாளாகவே நினைத்துவிட்டார்.

"அதுக்கு அந்தப் பேரு ரெண்டுமா கெடச்சிச்சு?"

"நான் பொய்ப் பேரு எழுத மாட்டேன்மா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "பிறப்புப் புத்தகத்துல நானே எழுதுன பேருங்கதான். உங்களுக்கு மட்டும் இல்ல. நம்ம வரிசையில யார் யாருக்கு அப்பிடிப் பேர் இருந்திச்சோ, அவங்க எல்லாத்துக்கும் எழுதியிருக்கேன். இறப்புப் புத்தகத்துலயும் நான்தான் எழுதுனேன். அத எழுதுனதுல எனக்குச் சந்தோசமா என்ன?"

"இனிமே யாருக்கும் வரித் தாள் எழுதாதீங்க ஐயா. கல்யாணப் பத்திரிகை எழுதுங்க. அதுல எத்தன பேரச் சேத்தாலும் சாப்பாடுதான் செலவு" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன இடியாப்பத்தையும் வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவர் வரித் தாளைத் தொடவில்லை.

நேர்முகத்தில் அதிகாரி மலாயில் முதலில் கேட்டதே எத்தனை பிள்ளை என்றுதான். 'தீகா' என்றேன். மூன்று. சோங் எழுதின கடிதத்தின் நகலை மேசை மேல் வைத்தேன். படித்தார், கீழே இருந்த சோங்கின் பேரைப் படித்தார், தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஒரு வருஷம் கழித்து நீல அட்டை வந்தது. தம்பியிடம் சொல்லு. எழுதுகிறவன் படித்தவனா, அனுமதி உள்ளவனா என்று கேட்கட்டும். வாசித்துக் காட்டச் சொல்லட்டும். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டானென்றால் அடுத்த கப்பலில் நானே வந்து காதைத் திருகுவேன். இப்போது என்னால் வரவும் முடியும், திரும்பவும் முடியும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கிராணியிடம் சண்டைக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலையிலேயே பார்வதி இடியாப்பம் வாங்குகிற சாக்கில் வந்தாள். பின்னாலேயே வரிசை வீட்டுப் பெண்கள் இன்னும் மூன்று பேர். இடியாப்பத்துக்கு யாரும் பாத்திரம்கூடக் கொண்டுவரவில்லை.

"தைப்பிங் விசயம் என்னாச்சுக்கா?" என்றாள் பார்வதி. உள்ளே இவர் மாவு பிழிந்துகொண்டிருந்தார்.

"அஞ்சு பிள்ளைங்கதான். மூணு பேருக்குத்தான் கவர்மெண்டு கழிவு குடுக்கும்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

நாலு பேரும் உள்ளே எட்டி அவரைப் பார்த்தார்கள். பாவம், மனுஷர் பிழிகிற கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க எல்லாத் தாளும் கிராணிதானே எழுதினாரு. சூரத் வர்றதுக்குள்ள நகல வாங்கிட்டு சோங்கிட்டப் போங்க. மருந்துக் கடை மாடி. முழுசும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, தனியாப் போகாதீங்க."

"ஏங்க்கா, காசு நெறையக் கேப்பாரா?"

"காசு கம்மிதான்."

பார்வதி குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தாள். "அது கெடக்கட்டும். அந்த ரெண்டு பிள்ளைங்க யாருதுலா?"

"என்னோடதும் அவரோடதும்தான்" என்றேன். "நீ மொதல்ல போயி உன் தாள்ல யார் யார் பேர் இருக்குன்னு கேட்டுட்டு வா பார்வதி. வந்தப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம்."